கரண்டு பிரஷ் பல்லைச் சுத்தம் செய்யும். அதை யார் சுத்தம் செய்வது?



மின்சாரப் பல் துலக்கி, அதாவது நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் ‘கரண்டு பிரஷ்’, நம் லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கிள்ளானில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வரும்போது வாங்கி வருகிறான். ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்குப் போய்வரும் மகள், “அம்மா, உங்களுக்குக் கை வலிக்குதுன்னு சொன்னீங்களே, இதை வச்சுக்குங்க” என்று கொடுத்துவிட்டுப் போகிறாள். கைப்பேசியில் பணம் கட்டினால் தோட்டத்து ஆபீசுக்கே பார்சலும் வந்துவிடுகிறது.

வரட்டும், நல்லதுதான். ஆனால் வாங்கித் தருகிற பிள்ளைகள் ஒரு விஷயத்தைச் சொல்லித் தருவதில்லை. பல்லை விளக்குகிற இந்தச் சாமானை எப்படி விளக்குவது என்பதே அது. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அது பொடி எழுத்தில், நமக்குப் பழகாத பாஷைகளில் இருக்கிறது. தமிழில் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

“பல் விளக்குற பிரஷ்ஷுக்கு இத்தனை சங்கதியா?” என்று கேட்கலாம். இருக்கிறது. இரண்டு நிமிடம் வேலை செய்துவிட்டு நாள் முழுவதும் ஈரத்தோடு நிற்கிற சாமான் அது. அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும், கவனித்தால் என்ன நன்மை என்பதைப் பார்ப்போம்.

கரித்தூளிலிருந்து கரண்டுக்கு

நம் முன்னோர்கள் கரித்தூள், உப்பு, செங்கல் பொடி, வேப்பங்குச்சி, ஆலங்குச்சி என்று பல் விளக்கியவர்கள். வேப்பங்குச்சியில் ஒரு வசதி இருந்தது. காலையில் ஒடித்து, மென்று, துலக்கி, தூக்கிப் போட்டுவிடுவார்கள். மறுநாள் புதுக்குச்சி. அதைக் கழுவி வைக்கும் பிரச்சினையே இல்லை.

நைலான் நார் வைத்த பிரஷ் 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிரில் செய்த பிரஷ்தான் பெரும்பாலும் இருந்தது. மின்சாரத்தில் ஓடும் பிரஷ்ஷை 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் என்ற டாக்டர் உருவாக்கினார். கை நடுக்கம் உள்ளவர்களும், கையைச் சரியாக அசைக்க முடியாத நோயாளிகளும் தாங்களே பல் துலக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். 1961இல் கம்பி இல்லாமல், சார்ஜ் ஏற்றி ஓடும் பிரஷ் வந்தது.

ஆக, இதைப் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் பால்மரம் வெட்டி விரல் மடங்காமல் போனவர்களுக்கும், வாதம் வந்து ஒரு கை விழுந்தவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2014இல் 56 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் கரண்டு பிரஷ் உபயோகித்தவர்களுக்குப் பல்லில் படியும் அழுக்கு 21 விழுக்காடும், ஈறு வீக்கம் 11 விழுக்காடும் சாதாரண பிரஷ் உபயோகித்தவர்களைவிடக் குறைந்திருந்தன. நன்மை உண்டு, ஆனால் மாயவித்தை இல்லை.

மங்கு கழுவத் தெரிந்த நமக்கு...

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. மங்கைத் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? நேற்றைய பால் ஒட்டிக்கொண்டு, அதில் கிருமி பெருகி, இன்றைய பால் வாளிக்கு வருமுன்பே உறைந்து போகும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி செய்யும் வேலை அது. அதனால்தான் மங்கும் வாளியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மண்டோர் கத்துவார்.

பிரஷ்ஷும் அப்படித்தான். நம் வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. பல் துலக்கும்போது அவற்றில் ஒரு பகுதி நாரில் ஒட்டிக்கொள்ளும். சோற்றுத் துணுக்கும் எச்சிலும் பற்பசையும் சேரும். ஈரமும் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

சாதாரண பிரஷ்ஷில் அழுக்கு நாரோடு நிற்கும். கரண்டு பிரஷ்ஷில் மறைவிடங்கள் அதிகம். அது இரண்டு துண்டு: மேலே தலை, கீழே மோட்டார் உள்ள கைப்பிடி. இரண்டையும் இணைக்க ஓர் இரும்புத் தண்டு. தலையின் உட்புறம் குழாய் போலக் குழிவாக இருக்கும். பற்பசை நுரையும் எச்சிலும் அந்தக் குழிக்குள் இறங்கி, தண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். தலையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பவர்கள் இன்று கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, வழவழவென்று, நாற்றத்தோடு ஒன்று இருக்கும். பழைய பற்பசையும் எச்சிலும் கிருமியும் பூஞ்சக்காளானும் கலந்த சகதி அது. அதைத்தான் தினமும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகிறோம்.

2014இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே குழிவாக உள்ள தலையைவிட, உள்ளே அடைத்துத் திடமாகச் செய்த தலையில் கிருமி 3,000 மடங்கு வரை குறைவாக இருந்தது என்று கண்டார்கள். ஆனால் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை குழிவான தலைகளே. ஆகவே கழற்றிக் கழுவுவதுதான் நம் கையில் இருக்கும் வழி.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நல்ல உடல்நலம் உள்ளவருக்கு, தன் பிரஷ்ஷில் உள்ள தன் வாய்க் கிருமியால் நோய் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே பயந்துகொண்டு பிரஷ்ஷைத் தூக்கி எறிய வேண்டாம். சுத்தம் என்பது பழக்கமாக இருக்க வேண்டும், பயமாக அல்ல.

ஆனால் எல்லாருக்கும் உடம்பு ஒன்றா? நீரிழிவு, அதாவது சர்க்கரை வியாதி உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், ஈறில் புண் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100 பேருக்கு 18 பேர் நீரிழிவு உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். நம் லயத்தில் எந்த வரிசையில் கேட்டாலும் “எனக்கு இனிப்பு நீர் இருக்கு” என்று சொல்ல ஒருவர் இருக்கிறார் அல்லவா? நீரிழிவு ஈறு நோயை முற்ற வைக்கும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றுக்கொன்று துணை போகும் திருடர்கள் இவை இரண்டும். ஆகவே வாய்ச் சுத்தம் அவர்களுக்கு மருந்து மாத்திரைக்கு அடுத்த காரியம்.

தினமும் செய்ய வேண்டியது

இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரட்டுக்கு ஓடுகிற விடியற்காலை அவசரத்திலும் செய்யலாம்.

1. பல் துலக்கி முடிந்ததும், பிரஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையை ஓடும் தண்ணீரில் சில வினாடி காட்டுங்கள். நாருக்குள் சிக்கியிருக்கும் நுரையும் துணுக்கும் உதறிக்கொண்டு வெளியேறும்.

2. நிறுத்துங்கள். தலையைக் கழற்றுங்கள். சில வகை நேராக இழுத்தால் வரும். சில வகை சற்றுத் திருப்பினால் வரும். தலையின் உட்குழியிலும் தண்ணீர் ஊற்றி அலசுங்கள்.

3. தண்டையும் கைப்பிடியின் மேல்பகுதியையும் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

4. தலையை உதறி, நார் மேல் நோக்கி இருக்கும்படி, காற்றுப் படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். கைப்பிடியைத் தனியாக வையுங்கள். அடுத்த முறை துலக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: அலசு, கழற்று, காய வை. இந்த மூன்றில் ‘காய வை’ என்பதே முக்கியம். பல கிருமிகளுக்கு ஈரமில்லாவிட்டால் வாழ்வில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்னும் சில தோட்டங்களில் ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ ஏற்றிய தண்ணீர்தான் குழாயில் வருகிறது. மழை பெய்தால் செம்மண் நிறத்தில் வரும். அப்படிப்பட்ட இடத்தில் வாய் கொப்பளிக்கவும், கடைசியாகப் பிரஷ் அலசவும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு கிளாஸ் எடுத்து வையுங்கள். குடிக்கத் தகாத தண்ணீர், வாய்க்குள் போகும் பிரஷ்ஷுக்கும் தகாது.

வாரம் ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணி துவைக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, தலையின் உட்குழியைத் துடைத்தெடுங்கள். தண்டின் அடியில், கைப்பிடியோடு சேரும் வளையத்தில்தான் கறுப்பு அதிகம் படியும். அங்கே நன்றாகத் தேயுங்கள். பிறகு சோப்பு வாசம் போகும்வரை அலசித் துடையுங்கள்.

சார்ஜ் போடும் பீடத்திலும் தண்ணீர் வழிந்து, பற்பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். எறும்பும் கரப்பானும் தேடி வரும். அதையும் துடைக்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை: முதலில் சுவிட்ச்சை அடைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். பிழிந்த ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். பீடத்தைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

விருப்பமுள்ளவர்கள் தலையை மட்டும் கிருமி கொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஊற வைத்து அலசலாம். ஊறவைத்த மருந்தைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் இது கட்டாயமில்லை. அதற்கென்று தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தண்ணீரும் சோப்பும் காற்றும் போதும்.

செய்யக்கூடாதவை

‘கிருமி சாகட்டும்’ என்று கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். பிளாஸ்டிக் வளையும், நார் விறைப்பை இழக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள். தலைக்குள் உலோகம் இருக்கிறது.

தரை கழுவும் மருந்திலும், துணி வெளுக்கும் குளோரின் தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். அவை கக்கூசுக்கும் தரைக்கும் ஏற்பட்டவை, வாய்க்கு அல்ல.

ஈரத்தோடு மூடி போட்டு வைக்காதீர்கள். பயணத்துக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி, பயணத்துக்கு மட்டுமே. கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ போய்த் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பிரஷ்ஷை வெளியில் எடுத்து வையுங்கள். “மூடாமல் வைத்தால் கரப்பான் ஊருதே, பல்லி ஓடுதே” என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். அதற்கு வழி, காற்றுப் புகும் மறைப்பு. சோற்றுக் கூடை மாதிரி வலைக் கண் உள்ள சின்னக் கூடையைக் கவிழ்த்து வைக்கலாம். காற்றும் போகும், பூச்சியும் வராது.

கக்கூசும் குளியலறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் அங்கே வைக்காதீர்கள். தண்ணீர் இழுத்துவிடும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் பறக்கும். அடுப்படி ஜன்னல் ஓரம் நல்ல இடம்.

ஒரு கைப்பிடி, எத்தனை வாய்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சாதாரண பிரஷ் என்றால் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுகிறோம். கரண்டு பிரஷ் விலை அதிகம். அதனால் வீட்டுக்கு ஒன்றுதான். அப்பா துலக்கி வைப்பார், அதையே மகன் எடுப்பான். “எல்லாம் நம்ம ரத்தம்தானே” என்று சொல்வோம்.

தோழர்களே, சொந்த ரத்தமாக இருந்தாலும் ரத்தத்தில் வரும் நோய் சொந்தம் பார்க்காது. ஈறில் கசியும் ரத்தம் நாரில் ஒட்டும். மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கிருமி, ரத்தம் பட்ட பிரஷ், சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிர்வதாலும் பரவும். உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் அது உயிரோடு இருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு எல்லாம் இதற்குத் தடுப்பூசி போடும் திட்டம் 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் அந்த ஊசி கிடைக்கவில்லை. இந்நோய் உள்ளவருக்குப் பல வருடம் வெளியில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம். யாரோடும் பிரஷ் தலையைப் பகிரவும் வேண்டாம்.

ஒரு கைப்பிடியை வீட்டார் இரண்டு மூன்று பேர் உபயோகிக்கலாம். ஆனால் தலை மட்டும் ஆளுக்கொன்று தனியாக இருக்க வேண்டும். மாறிப் போகாமல் இருக்கச் சில வகைத் தலைகளின் அடியில் நிற வளையம் இருக்கும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு நிற நூலை அடியில் கட்டிவிடுங்கள். ஒருவர் முடித்ததும் தண்டையும் கைப்பிடியையும் கழுவித் துடைத்த பிறகே அடுத்தவர் தலையை மாட்ட வேண்டும். காயவைக்கும்போது தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு வையுங்கள்.

பிள்ளைக்கு கை, கால், வாய் நோய் வந்திருந்தால் அதன் பிரஷ்ஷைத் தனி இடத்தில் வையுங்கள். குணமானதும் அதை எறிந்துவிட்டுப் புதியது கொடுங்கள்.

தேய்ந்த தலையும் நம் சம்பளமும்

தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நார் விரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். விரிந்த நார் பல்லிடுக்கில் போகாது, ஈறைத்தான் கிழிக்கும். உளி மழுங்கினால் மரத்துக்குக் காயம், பாலும் குறைவு. இதுவும் அதே கணக்குதான்.

ஒருவருக்கு வருடத்துக்கு 4 தலை. வீட்டில் மூன்று பேர் என்றால் 12 தலை. ஒரு நல்ல தலையின் விலைக்குச் சாதாரண பிரஷ் பல வாங்கலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டமானது. அதில் அரிசி, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்பது நமக்குத் தெரியும்.

அதனால் நடப்பது என்ன? மகன் வாங்கித் தந்த கரண்டு பிரஷ் இருக்கிறது. கூட வந்த ஒரே தலை ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இது தவறு. தேய்ந்த தலையோடு ஓடும் விலை உயர்ந்த பிரஷ்ஷைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் மலிவான சாதாரண பிரஷ் எவ்வளவோ மேல். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பல்லுக்குப் பிரஷ்ஷின் விலை தெரியாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்குக் கரண்டு பிரஷ் வாங்கிக் கொடுக்கிற நல்ல பிள்ளைகளே, அதோடு ஒரு வருடத்துக்குத் தேவையான தலைகளையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். கழற்றி மாட்டவும் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போங்கள்.

மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்

கைப்பிடி பீடத்தில் நிற்கும்போது உலோகம் தொடாமலே, கம்பிச் சுருளின் காந்த சக்தியால் சார்ஜ் ஏறும். கைப்பிடியால் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து பிளக்கில்தான்.

பல கரண்டு பிரஷ்கள் இரண்டு கால் பிளக்கோடு வருகின்றன. நம் சுவரில் இருப்பது மூன்று கால் துளை. உடனே நாம் செய்வது என்ன? மேல் துளையில் குச்சியையோ பேனாவையோ குத்தித் திறந்து, இரண்டு காலையும் அழுத்திச் செருகுகிறோம். இது பெரிய ஆபத்து. பிளக் இறுகி நிற்காது, பொறி பறக்கும், சூடேறும். ஈரக் கையோடு யாராவது அதைச் செய்தால் உயிருக்கே மோசம். சிரிம் முத்திரை உள்ள மாற்றுப் பிளக்கை மின்சாமான் கடையில் வாங்கிப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிரஷ் என்றால் பீடத்தின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 100 அல்லது 110 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் போட்டவுடன் கருகிவிடும். இடி மின்னல் நேரத்தில் தொலைக்காட்சிப் பிளக்கைக் கழற்றுகிறோமே, இதையும் கழற்றிவிடுங்கள்.

பழைய தலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை

தேய்ந்த பிரஷ்ஷை நம்மவர்கள் எறிவதில்லை. மோட்டார் சைக்கிள் சங்கிலி, அடுப்பு, மருந்துப் பம்பின் முனை எல்லாம் தேய்க்க வைத்துக்கொள்வார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் களைக்கொல்லி பட்ட பிரஷ்ஷும் வாய்க்குப் போகும் பிரஷ்ஷும் ஒரே குவளையில் நிற்பது விஷப்பரீட்சை. பழையதை வேறு வேலைக்கு எடுக்கும் அன்றே அதன் கழுத்தில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு, வீட்டுக்கு வெளியே மருந்துச் சாமான்களோடு வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். மருந்தடித்து வந்தவர்கள் குளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும்.

கைப்பிடி கெட்டுப் போனால் லயத்துக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். உள்ளே பேட்டரி இருக்கிறது, நெருப்பில் வெடிக்கும். டவுனில் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சுத்தமான பிரஷ் ஒரு சாட்சி

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இதுவே.

பிரஷ் வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் அது நமக்கு ஒரு சேதி சொல்லும். துலக்கி முடித்ததும் நாரில் இளஞ்சிவப்பு தெரிந்தால், ஈறில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அழுக்கேறி, கறை படிந்த பிரஷ்ஷில் அந்தச் சேதி மறைந்துவிடும்.

வெற்றிலை போடும் நம் பாட்டிமார்களையும் தாத்தாமார்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் பிரஷ் எப்போதும் சிவப்பு. சுண்ணாம்பும் பாக்கு நாரும் அடியில் அடைத்திருக்கும். அந்தச் சிவப்பில் எது வெற்றிலை, எது ரத்தம் என்று யாருக்குத் தெரியும்? புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும்கூட வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் அறிவித்தது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது. அதனால்தான் சுகாதார அமைச்சு 1997இல் தோட்டங்களில் வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. கறை போகப் பல் தேய்த்தால் ஆபத்தும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வெற்றிலையை விடுவதுதான் வழி.

வெற்றிலை போட்டவர்கள் முதலில் நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு, பிறகு துலக்கட்டும். பிரஷ்ஷை உடனே அலசட்டும். வீட்டில் உள்ள மகளோ மருமகளோ வாரம் ஒருமுறை அந்தப் பிரஷ்ஷைக் கழுவும்போது கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும். “பாட்டி, வாயைத் திறங்க, பாப்போம்” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம், நிற்காத ஈறு ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் அரசு பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கக்கூடும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் காப்பாற்ற வழி உண்டு.

ஆகவே, தோழர்களே! பிரஷ் கரண்டில் ஓடினாலும் சரி, கையால் ஓடினாலும் சரி. அலசுங்கள், கழற்றுங்கள், காய வையுங்கள். தலையை ஆளுக்கொன்றாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், பசியாறுவதற்கு முன் அந்தத் தலையை ஒருமுறை கழற்றி உள்ளே பாருங்கள். அங்கே கறுப்பு இருந்தால், இன்றைக்கே கழுவிவிடுங்கள்.